போர்த்தாமல் விட்ட நாற்றுகள்

முப்பத்துநான்கு வருடம் லிப்ட் பழுதுபார்த்தவர் அவர். கதவு சாத்துகிற சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் பூச்செடி என்று வந்துவிட்டால், ரோஜாவுக்கு முள் உண்டு என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அதெல்லாம் மகன் பார்த்துக்கொண்ட விஷயம். வீட்டுக்குப் பின்புறம் இருபதடிக்குப் பதினைந்தடி இடம். குளிர் விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும் மகன் அங்கே இறங்கிவிடுவான். முழங்கால் வரை மண்ணோடு திரிவான். அப்பா பின்வாசல் படியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எழுந்து உலாத்தும்போது ஏதாவது ஒரு நாற்றை மிதித்துவிட்டு வருவார்.

"அப்பா, பார்த்து நடக்கக் கூடாதா?" என்று மகன் கத்துவான்.

"நடக்கிற வழியில நட்டா மிதிக்காம என்னடா பண்றது?" என்பார் இவர்.

அந்த மகன் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பி ஷூ கயிறு கட்டக் குனிந்தவன் அப்படியே சரிந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வயது முப்பத்தாறு.

துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் மருமகள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தார்கள். அவள் போகவில்லை. ஒரு மாத லீவு முடிந்ததும், ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிற தன் வேலைக்கு மறுபடி கிளம்பினாள். சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "மாமா, சாப்டீங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு போவதா இருப்பதா என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை.

மாமியார் காலமாகிப் பல வருடம். அவருடைய மகள், சின்னவள், வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டு இருக்கிறாள். ஆக வீட்டில் இவர்கள் இரண்டே பேர். காலை டீ அவர் போடுவார். "இதுல டீத்தூள் போட்டீங்களா, கிரீஸ் போட்டீங்களா மாமா?" என்பாள் அவள், முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடிப்பாள். டிவி ரிமோட்டுக்குச் சண்டை நடக்கும். அவளுக்கு நைட் டியூட்டி என்றால், காலையில் அவள் வந்து படுத்ததும் குக்கர்கூட வைக்கமாட்டார்; விசில் அடித்தால் எழுந்துவிடுவாளே என்று. பக்கத்து வீட்டு டெய்லர் அம்மாவுக்கு இந்த அன்யோன்யம் ஆச்சரியம். "பெத்த பொண்ணுகூட இப்படி ஒட்டாது" என்பாள்.

கல்யாணப் பேச்சை முதலில் எடுத்ததே அவர்தான். "நீ சின்னப் பொண்ணும்மா. என்னைக் காவல் காக்கவா பொறந்தே? நல்லவன் ஒருத்தன் அமைஞ்சா யோசிச்சுப் பாரு" என்றார் ஒருநாள். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அப்போது கண்ணுக்கெட்டிய தூரத்தில் அப்படி ஒருவனும் இல்லை. இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

ஆறு மாதத்தில் அப்படி ஒருவன் வந்து நின்றான்.

லேபில் இருக்கிற மைக்ராஸ்கோப்களைப் பழுதுபார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து வருகிறவன். நாற்பது வயது, முதல் கல்யாணம் நிலைக்கவில்லை, பிள்ளைகள் இல்லை. பேச ஆரம்பித்தால் காது இரண்டும் சிவந்துவிடும். அவள் அவனை வீட்டுக்கு அழைத்து வந்தபோது கிழவர் முதலில் பார்த்தது அவன் கையைத்தான். நகக்கண்ணில் எண்ணெய்க் கறை. 'பரவாயில்லை, வேலை செய்கிற கை' என்று நினைத்துக்கொண்டார். அதுதான் வினையாகப் போயிற்று. அவன் ஒரு திமிர் பிடித்தவனாகவோ வெட்டிப் பேச்சுக்காரனாகவோ இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் தட்டிக் கழித்திருக்கலாம். இவனிடம் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. போகிறபோது அவன் வாசல் கதவின் கீலை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்து, "சார், இதுக்கு ஒரு வாஷர் போட்டா சத்தம் போடாது" என்றான். அவருக்குத் தம்பி ஒருவன் கிடைத்த மாதிரி இருந்தது. அவனுக்கு 'லென்ஸ்' என்று பெயர் வைத்தார்.

"லென்ஸ் போன் பண்ணானா?" என்று அவரே கேட்பார். கேட்டுவிட்டு, பண்ணவில்லை என்று அவள் சொல்லமாட்டாளா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். வசந்தத்தின் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, மதியம் இருபது பேருக்குச் சாப்பாடு. சாப்பாட்டுக்கு மண்டபம் பார்க்கலாம் என்றாள் அவளுடைய அண்ணன் மனைவி. இவள் முடியாது என்றுவிட்டாள்.

"நம்ம வீட்டுத் தோட்டத்துலதான். நான் இந்த வீட்டுப் பொண்ணு. இங்கிருந்துதான் போவேன்."

போவேன் என்ற சொல் அவருக்குள் எங்கோ இடித்தது. லென்ஸ் வேலை பார்க்கும் ஊர் ரயிலில் ஒன்பது மணி நேரம். அங்கே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கும் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். "நீங்களும் எங்ககூட வந்துடுங்க மாமா" என்று அவள் நான்கு தடவை கேட்டாயிற்று. "லென்ஸுக்குப் பொண்டாட்டியோட மாமனாரையும் சேர்த்துக் கட்டி வைக்கிறதா? நல்லாருக்கே கதை" என்று சிரித்து மழுப்பினார்.

தோட்டம் இரண்டு வருடமாகக் கேட்பாரற்றுக் கிடந்தது. களை இடுப்பளவு. ரோஜாச் செடிகள் நாலாபக்கமும் கை கால் நீட்டிக்கொண்டு நின்றன. மருமகள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். அவரையும் இழுத்துப்போட்டாள். களை பிடுங்கவே ஒரு வாரம் ஆனது. ரோஜாவில் காய்ந்த கிளை எது, உயிருள்ளது எது என்று அவருக்குத் தெரியவில்லை. "நகத்தால லேசா கீறிப் பாருங்க மாமா. உள்ள பச்சையா இருந்தா உயிர் இருக்கு" என்றாள். அவர் ஒவ்வொரு கிளையாகக் கீறிப் பார்த்தார். பச்சை தெரிந்த இடத்திலெல்லாம், "இருக்கு, இருக்கு" என்று குரல் கொடுத்தார்.

பிறகு மண்ணைக் கொத்தினார்கள். இறுகிப்போய் கான்கிரீட் மாதிரி கிடந்தது. மண்வெட்டி போட்டால் டிங் என்றது. இரண்டு நாள் தண்ணீர் விட்டு ஊறவைத்து, முழ ஆழத்துக்குப் புரட்டி, கட்டிகளை உடைத்து, கல் பொறுக்கி, மட்கிய எருவும் மணலும் கலந்தார்கள். கிழவருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு, "லிப்ட் ஷாப்ட்ல தொங்கிக்கிட்டு வேலை செஞ்சப்பகூட இப்படி வலிச்சதில்ல" என்று புலம்பினார். ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு அவர் படுத்ததும் தூங்கியது அந்த வாரத்தில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பீரோவிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து சமையலறை மேஜைமேல் வைத்தாள். உள்ளே மூன்று காகித உறைகள். மகன் கடைசி வருடம் எடுத்து வைத்த விதைகள். அவனுடைய கோணல் கையெழுத்து. ஒன்றில் 'ஜீனியா, சிவப்பு, பெரிசு' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'துலுக்கச் சாமந்தி.' மூன்றாவதில் 'காசித்தும்பை – அப்பா மிதித்ததுபோக மிச்சம்.'

அவர் அதை இரண்டு தடவை படித்தார். "கழுத" என்றார். சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

"ரெண்டு வருஷமா திறக்க மனசு வரல மாமா. இன்னும் வச்சிருந்தா முளைக்காது. எல்லாத்தையும் போட்டுடலாம். அன்னைக்கு அவரோட பூவும் இருக்கணும்."

எல்லாவற்றையும் போட்டார்கள். ஜன்னலோரம் தட்டுகளில் ஈரமண் நிரப்பி, விதை தூவி, மேலே சலித்த மண்ணைப் பூசினாற்போல் போட்டார்கள். ஐந்தாம் நாள் ஜீனியா முளைத்தது. கிழவர் லேபுக்கே போன் செய்து சொன்னார். "வந்துடுச்சும்மா! ஏழு. இல்ல, எட்டு. ஒண்ணு இன்னும் விதைத்தோலைத் தொப்பியா போட்டுக்கிட்டு நிக்குது." பழைய விதைதான், பாதிதான் முளைத்தது. ஆனாலும் எல்லாம் சேர்த்து அறுபது நாற்றுக்கு மேல் தேறியது. நான்கு இலை விட்டதும் பகலில் வெளியே வைத்து வெயில் காட்டி, சாயங்காலம் உள்ளே எடுத்து வைத்துப் பழக்கினார்கள். அந்த எடுத்து வைக்கிற வேலை அவருடையது. ஒரு தட்டைக்கூட அவர் கீழே போட்டதில்லை. பிறகு வரிசையாகப் பாத்தியில் நட்டார்கள். நடக்கிற வழியை விட்டு ஒதுங்கியே நட்டார்கள்.

நட்டுப் பத்து நாளில் செடிகள் பிடித்துக்கொண்டன. அதற்குள் கல்யாணத்துக்கும் ஒரு மாதம்தான் பாக்கி என்றாயிற்று. அவள் அறையில் அட்டைப்பெட்டிகள் வந்து சேர்ந்தன. புத்தகங்கள் ஒன்றில். குளிர்காலத் துணி ஒன்றில். அந்த அறை வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவர் வேகமாக நடந்தார். சின்னவள் போனில், "அப்பா, நீங்களே அனுப்பி வச்சுட்டு நீங்களே உக்காந்து அழப்போறீங்க" என்றாள். "போடி, எனக்கென்ன. ரிமோட் முழுசா என் கையில" என்றார்.

அந்த வாரம் வியாழக்கிழமை அவளுக்கு நைட் டியூட்டி. போகும்போது வானத்தைப் பார்த்தாள். மூன்று நாளாக வெயில் அடித்த வானம் திடீரென்று வெளிறிப்போய், காற்று கத்தியாக இருந்தது.

"ராத்திரி உறைபனி விழும்னு செய்தில சொல்றாங்க மாமா. சீசன் கடைசில இப்படி ஒருநாள் வந்து கழுத்தறுக்கும். பழைய பெட்ஷீட் நாலு, பின்வாசல் நாற்காலி மேல வச்சிருக்கேன். இருட்டறதுக்குள்ள செடி மேல விரிச்சு, ஓரத்துல செங்கல் வச்சிடுங்க. நானே செஞ்சிருப்பேன், பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

"போயிட்டு வாம்மா, நான் பார்த்துக்கறேன்."

ஆறரை மணிக்கு அவர் பெட்ஷீட்களைக் கையில் எடுத்தார். பின்வாசல் படிவரை போனார். மூன்று வரிசையாகச் செடிகள் நின்றன. ஜீனியாவில் ஒன்றிரண்டு கடுகளவு மொட்டுகூட வைத்திருந்தது. சரியாக ஒரு மாதத்தில் பூத்துவிடும். பூத்தால் கல்யாணம். பூக்காவிட்டால்? தோட்டம் கருகிப்போய்விட்டது, மறுபடி விதைத்து வளர்க்க வேண்டும் என்றால் நாள் தள்ளிப்போகுமே. ஒரு மாதமாவது தள்ளிப்போகும். இந்த எண்ணம் வந்தபோது அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. சீ என்று உதறினார். உதறிவிட்டும் படியிலிருந்து இறங்கவில்லை. பெட்ஷீட்களை மடிப்புக் கலையாமல் நாற்காலிமேல் வைத்தார். உள்ளே வந்து டிவியைப் போட்டார். என்ன ஓடியது என்று அவருக்குத் தெரியாது.

எட்டு மணிக்கு அவள் போன் செய்தாள். "போர்த்திட்டீங்களா மாமா?"

"போர்த்திட்டேன்" என்றார்.

காலை ஏழு மணிக்கு அவள் வந்தபோது அவர் சமையலறையில் அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவள் தோள்பையைக்கூட இறக்காமல் நேரே பின்பக்கம் போனாள். அவர் டீயை இறக்கினார், மறுபடி ஏற்றினார். அப்புறம் போய்ப் பார்த்தார்.

செடிகள் வெந்நீரில் போட்டு எடுத்தாற்போல் கறுத்துத் துவண்டு கிடந்தன. ஒன்று பாக்கி இல்லை. அவள் ஒரு செடியின் தண்டை இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்தினாள். விட்டதும் மடிந்து விழுந்தது.

"மறந்துட்டேம்மா" என்றார்.

அவள் திரும்பினாள். நாற்காலிமேல் மடித்து வைத்தது வைத்தபடி இருந்த பெட்ஷீட்களைப் பார்த்தாள். "எட்டு மணிக்குப் போர்த்திட்டேன்னு சொன்னீங்களே" என்றாள்.

அவர் செங்கல் அடுக்குப் பக்கம் நகர்ந்தார்.

அவள் படியில் உட்கார்ந்தாள். வேலை முடிந்து வந்த களைப்பு முகம் முழுக்க இருந்தது. கோபப்பட்டிருந்தால் அவருக்குத் தேவலை.

"நான் போகக் கூடாதுன்னா போகாதேன்னு சொல்லியிருக்கலாமே மாமா. முதல் நாளே அவர்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருப்பேனே. செடிய எதுக்குக் கொன்னீங்க? அது எல்லாம் உங்க பையனோட விதை. இனிமே ஒண்ணுகூட இல்ல."

கிழவர் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். "துணிய எடுத்துக்கிட்டுப் படி வரைக்கும் வந்தேம்மா. பூ இல்லேன்னா தள்ளிப்போகும்னு ஒரு நினைப்பு வந்துது. ஒரு மாசம் தள்ளிப்போகும்னு…"

"ஒரு மாசத்துல என்ன ஆகப்போவுது?"

"ஒண்ணும் ஆகாது. ஒரு மாசம் நீ இங்க இருப்பே."

அப்போதுதான் அவள் அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி, தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். டெய்லர் அம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டிவிட்டு, என்ன புரிந்ததோ, சட்டென்று இழுத்துக்கொண்டாள். அவர் எழுந்து அவள் பக்கத்தில் போகப் பார்த்தார். பாதிவழியில் நின்றுவிட்டார். எந்த முகத்தோடு போய்த் தேற்றுவது?

"நான் போகல மாமா" என்றாள் அழுகைக்கு நடுவில். "இன்னைக்கே அவர்கிட்ட சொல்லிடறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொல்லிவிடுவாள். நாளைக் காலையில் பெட்டிகளைப் பிரித்துப் புத்தகங்களை அடுக்கிவிடுவாள். 'மாமா, சாப்டீங்களா' என்று கேட்டுக்கொண்டே இந்த வீட்டில் நாற்பது வயதாவாள், ஐம்பது வயதாவாள். இவர் ஒருநாள் கண்ணை மூடிய பிறகு தனியாக இந்தச் சமையலறையில் நின்றுகொண்டிருப்பாள். அவர் ஆசைப்பட்டது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"அம்மாடி, அப்படி மட்டும் செஞ்சுடாதே. நான் செஞ்சது பாவம். அதுமேல இன்னொண்ணை ஏத்தாதே."

அவள் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.

மத்தியானம் அவரே லென்ஸுக்குப் போன் செய்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. போர்த்தாததையும் சொன்னார், போர்த்தியதாகப் பொய் சொன்னதையும் சொன்னார். "அவங்க எப்படி இருக்காங்க சார்?" என்றான். பிறகு, "நான் ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றான்.

சொன்னபடி வந்தான். அவளோடு அறையில் ஒரு மணி நேரம் பேசினான். என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது. வெளியே வந்தபோது இருவர் கண்ணும் சிவந்திருந்தது. கல்யாணம் அதே வெள்ளிக்கிழமைதான் என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல். பிறகு லென்ஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "சார், நர்சரி எங்க இருக்கு?" என்றான்.

நாற்பது நாற்று வாங்கி வந்தார்கள். நர்சரிக்காரர் கொடுத்தது சாமந்தியும் பெட்டூனியாவும். கறுத்த செடிகளைப் பிடுங்கிக் கூடையில் போட்டது கிழவர்தான். அதை இன்னொருவர் செய்ய அவர் விடவில்லை. வேர் இன்னும் வெள்ளையாக, ஈரமாக இருந்தது.

லென்ஸ் குழி பறித்துக்கொண்டே கேட்டான். "இடைவெளி எவ்வளவு விடணும் சார்? அவர் எப்படி நடுவார்?"

'அவர்' என்று அவன் யாரைச் சொல்கிறான் என்பது கிழவருக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. யோசித்தார். மகன் குனிந்திருந்த முதுகு ஞாபகம் வந்தது. வியர்வை ஊறிய பனியன் ஞாபகம் வந்தது. கை என்ன செய்துகொண்டிருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"தெரியாது தம்பி" என்றார். "அவன் நடும்போது நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். பத்து வருஷம் பக்கத்துலயே உக்காந்து பேப்பர்தான் படிச்சேன்."

லென்ஸ் தலையைக் குனிந்துகொண்டு ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டான்.

மருமகள் மூன்று நாள் அவரோடு தேவைக்கு மேல் பேசவில்லை. நான்காம் நாள் காலை டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "கிரீஸ் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவள் மன்னித்துவிட்டாளா என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. கடைசிவரை கேட்கவில்லை.

பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட அவர் போனார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிளார்க் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"நீங்க யாருக்கு என்ன வேணும்?"

"பொண்ணுக்கு மாமனார்."

"அப்ப மாப்பிள்ளையோட அப்பா."

"இல்லீங்க. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. நான் பொண்ணோட… முந்தி…"

கிளார்க் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வெளியே இன்னும் நான்கு ஜோடி நின்றது. "சொல்லுங்க சார், ஒரு வார்த்தை போதும்" என்றார். அவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். கிளார்க் தாமே 'தெரிந்தவர்' என்று எழுதிக்கொண்டு தாளை நீட்டினார்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "இது என்னங்க? மாத்துங்க. மாமான்னு எழுதுங்க."

"விடும்மா" என்றார் கிழவர். "தெரிஞ்சவன்தானே. இந்த ஊர்ல உன்னை என்னைவிட யாருக்குத் தெரியும்?" கையெழுத்துப் போட்டார். எழுத்து யாருடைய கையெழுத்தோ போல் இருந்தது.

மதியம் தோட்டத்தில் இருபது பேர் சாப்பிட்டார்கள். ரோஜா நன்றாகவே பூத்திருந்தது. பாத்தியில் பாதிக்கு மேல் வெறும் பச்சை. அங்கங்கே ஒன்றிரண்டு பெட்டூனியா. யாரும் குறையாகச் சொல்லவில்லை. சின்னவள் முந்தின நாளே வந்திருந்து பந்தி பரிமாறினாள். கிழவர் நாற்காலிக்கு நாற்காலி ஓடி, எல்லோரிடமும் போதுமா போதுமா என்று கேட்டு, லென்ஸின் அக்காவுக்கு லிப்ட் அறுந்து விழவே விழாது என்பதை அரைமணி நேரம் விளக்கினார். அவர் இவ்வளவு பேசி யாரும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயில். பெட்டிகளை ஏற்றியாயிற்று. மருமகள் இறங்கி வந்து மறுபடி அவர் முன்னால் நின்றாள். ரத்த அழுத்த மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொன்னாள். கேஸ் புத்தகம் எங்கே என்று சொன்னாள். சொல்ல இன்னும் ஏதோ இருந்தது போலிருந்தது, அதற்குள் லென்ஸ் கதவிலிருந்து கூப்பிட்டான். அவள் அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் ஒரு கணம் வைத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினாள். ரயில் போனது. சின்னவள் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து செடிகளுக்குத் தண்ணீர் விட்டார். விட்டு முடித்து, கால் கழுவி, உள்ளே வந்தார். மருமகளின் அறைக் கதவு திறந்து கிடந்தது. கட்டில் மேல் விரிப்பு இல்லை. அலமாரி காலி. அது மகனின் அறையும்கூட. இரண்டு வருடமாக அந்த அறையில் ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருந்ததால், விளக்கு எரிந்துகொண்டே இருந்ததால், அவன் பாதி இருந்துகொண்டேதான் இருந்தான். வெளியூர் போனவன் மாதிரி. டியூட்டியிலிருந்து வரப்போகிறவன் மாதிரி.

அவர் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அண்ணன் செத்துட்டான்மா" என்றார்.

சின்னவள் திரும்பினாள். இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது போல் அவர் அதைச் சொன்னார். அந்த வார்த்தை அதுவரை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. 'அவன் போனப்புறம்' என்பார், 'அன்னைக்கு' என்பார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆமாப்பா" என்றாள். "செத்துட்டான்."

அவர் தரையில் உட்கார்ந்தார். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது, எங்கோ அடியிலிருந்து, அவருக்கே அடையாளம் தெரியாத குரலில். "என் பையன், என் பையன்" என்று தொடையில் அடித்துக்கொண்டு அழுதார். அவனுடைய விதையைக் கொன்றுவிட்டேன் என்றார். அவன் கையை நான் பார்க்கவே இல்லை என்றார். சின்னவளுக்குப் பாதி புரியவில்லை. அழாதே என்று அவள் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். மதியம் போய்ச் சாயங்காலம் ஆகும்வரை அவர் அழுதார்.

அடுத்த ஞாயிறு மருமகள் போன் செய்தாள். வீடு வசதியாக இருக்கிறது, இரண்டாவது மாடி, லிப்ட் சுகமில்லை என்றாள். எந்தக் கம்பெனி லிப்ட் என்று அவர் விசாரித்தார். சாமந்தி பூத்துவிட்டதா என்று கேட்டாள்.

"பூத்துடுச்சும்மா."

"என்ன கலர்?"

"மஞ்சள்."

"குரல் ஒரு மாதிரி இருக்கே மாமா. அழுதீங்களா?"

"ஆமாம்மா" என்றார்.

"நானும்தான்" என்றாள்.

அதற்குப் பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது, பிறகு ஒரு பஸ் போகிற சத்தம். அவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார்.